அப்பாகிட்ட உயில் பேச்சை எப்படி எடுக்குறது? பனங்காடு, ஒரு கிணறு, ரெண்டு பிள்ளைங்க

ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. வயசு 41, ராமநாதபுரம் டவுன்ல ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சர். சொந்த ஊரு சாயல்குடியில இருந்து கடல் பக்கமா போற ரோட்டுல. பேரு, ஊரு ரெண்டையும் எடுத்துட்டேன், விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன்.

அப்பாவுக்கு 76. பத்து வருசம் முன்னாடி வரைக்கும் பனை ஏறினவரு. அம்மாவுக்கு 70. தம்பி ஒருத்தர், லோடு வண்டி ஓட்டுறாரு, அப்பா அம்மா கூட அதே வீட்ல குடும்பமா இருக்காரு. தூத்துக்குடியில கட்டிக் கொடுத்த ஒரு அத்தை இருக்காங்க. சொத்துன்னு பாத்தா வீடு, பேங்க்ல மூணு லட்சம் டெபாசிட் (நாமினி இந்த வாசகி), அப்புறம் 2 ஏக்கர் 40 சென்ட் பனங்காடு, அதுல நூத்தம்பது மரத்துக்கு மேல, நடுவுல ஒரு நல்ல தண்ணி கிணறு. பாட்டன் 1958ல கிரயத்துக்கு வாங்கின நிலம், அவரு 1983ல உயில் எதுவும் எழுதாம தவறிட்டாரு. இப்ப சோலாருக்கு நிலம் கேட்டு ஒரு புரோக்கர் வந்துட்டு வந்துட்டு போறாரு, தம்பிக்கு வண்டிக் கடன் இருக்கு, வித்துடலாம்ங்கிறாரு. அப்பா ஒரே பேச்சுதான், "மரம் நிக்கணும், கெணத்தை அடைக்கக்கூடாது, மோட்டார் போடக்கூடாது". போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப இவங்க "அப்பா, ஒரு உயில் எழுதி வச்சிட்டா நல்லதுல்ல"ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எழுந்து போயிட்டாரு, அன்னைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல. அதுல இருந்து போன்ல "ம்", "சரி" தவிர வேற பேச்சு இல்ல.

கேள்வி மூணு. மறுபடி எப்படி பேசுறது? அவரு பேசுறதைத் தெரியாம போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சா உயிலா செல்லுமா? பட்டா ரெண்டு வருசம் முன்னாடி தம்பி பேருக்கு மாறிருச்சு, எனக்குக் கல்யாணமும் ஆயிருச்சு, இனி எனக்கு ஏதாவது உரிமை இருக்கா?

இனி உங்ககிட்ட நேரா பேசுறேன்ம்மா.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நாலு பக்கத்துல அப்பா என்ன ஆசைப்படுறாருங்கிறது மூணே வரி, மீதி எல்லாம் தம்பி, புரோக்கர், பட்டா. அம்மா ஒரே ஒரு இடத்துல வர்றாங்க, அப்பா எழுந்து போனதும் "டீ போடட்டா"ன்னு கேக்குற இடத்துல. குத்திக் காட்டணும்னு சொல்லல, எங்க வக்கீல் ஆபீசுக்கு வர்ற முக்கால்வாசிப் பேரு இப்படித்தான் பேசுவாங்க. ஆனா உங்க அப்பா ஏன் எழுந்து போனாருங்கிறதுக்கு அந்தக் கணக்குலயே பதில் இருக்கோன்னு எனக்குத் தோணுது. அவரு சொல்லிட்டிருந்தது எது நிக்கணும்ங்கிறதைப் பத்தி, நீங்க கேட்டது யாருக்குங்கிறதைப் பத்தி. மரத்தைப் பத்திப் பேசுற மனுசன்கிட்ட பத்திரத்தைப் பத்திப் பேசினா, "இந்தப் புள்ளையும் புரோக்கரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க"ன்னு அவருக்குத் தோணியிருந்தா அதுல அவரு தப்பு இல்ல.

சட்ட விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம், ஏன்னா நீங்க நினைச்சுட்டு இருக்கிறதுல சிலது தப்பு, அந்தத் தப்போட போய் பேசினா பேச்சே கோணலாயிரும்.

உரிமை: உங்களுக்கு, தம்பிக்கு, அப்புறம் நீங்க மறந்துட்ட ஒருத்தருக்கு

அப்பா உயிரோட இருக்கிற வரைக்கும் அவரு பங்குல உங்களுக்கும் ஒரு சென்ட் கிடையாது, தம்பிக்கும் ஒரு சென்ட் கிடையாது. "பாட்டன் சொத்துல பேரப்பிள்ளைக்குப் பொறந்ததுமே பங்கு"ன்னு ஊர்ல சொல்லுவாங்க, எல்லா பாட்டன் சொத்தும் அப்படி இல்ல. உங்க பாட்டன் சொந்தமா கிரயம் வாங்கினது, அவரு தவறினது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து ரொம்ப வருசம் கழிச்சு, உயிலும் இல்ல. அப்ப அது அவரோட நேரடி வாரிசுங்களுக்குத் தனிச்சொத்தாத்தான் இறங்கும். மகள்களுக்குப் பிறப்புரிமைன்னு 2005ல வந்த திருத்தம், 2020ல உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதையெல்லாம் நீங்க யூடியூப்ல பாத்துட்டு எழுதியிருக்கீங்க, அதெல்லாம் கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்துக்கு. உங்க கேசுக்கு அது தேவையே படாது. அப்பா எதுவும் எழுதாம போனா அவரு பங்கு அம்மா, நீங்க, தம்பி மூணு பேருக்கும் சமமா வரும். கல்யாணம் ஆயிருச்சாங்கிறதை இந்தச் சட்டம் கேக்கவே கேக்காது.

ஆனா அந்த "அவரு பங்கு" எவ்வளவுங்கிற இடத்துலதான் நீங்க ஒரு படி தாண்டிட்டீங்க. 1983ல பாட்டன் தவறினப்ப வாரிசு உங்க அப்பா மட்டும் இல்லம்மா, தூத்துக்குடி அத்தையும்தான். பாட்டிக்கு வந்த பங்கும் அவங்க காலத்துக்கு அப்புறம் இந்த ரெண்டு பேருக்கும்தான் வந்திருக்கும், வேற பிள்ளைங்க இல்லன்னா. அத்தை விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கை விட்டுக் கொடுத்துட்டேன்னு ஒரு பத்திரம், எழுதிக் கொடுத்திருக்காங்களா? உங்க லெட்டர்ல அது இல்ல. கொடுக்கலன்னா அந்தக் காட்டுல பாதி அத்தையோடது, 1 ஏக்கர் 20 சென்ட். இத்தனை வருசம் கேக்கலங்கிறதுக்காக கூட்டுப் பங்குதாரர் உரிமை அவ்வளவு லேசுல போயிராது. "மகள்னா உரிமை இல்லையா மேடம்"னு உங்க லெட்டர்ல நாலு இடத்துல கேட்டிருக்கீங்க, நியாயமான கேள்வி. அதே கேள்விய அத்தை உங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? ஒருவேளை உங்க அப்பா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிறது இதுவாக்கூட இருக்கலாம், கூடப்பொறந்தவளுக்கு ஒண்ணும் செய்யலையேன்னு. எனக்குத் தெரியாது, நீங்கதான் கேக்கணும்.

பட்டா, நாமினி, போன் ரெக்கார்டிங்

பட்டா தம்பி பேருக்கு மாறினதால மட்டும் நிலம் அவருக்கு ஆயிராது. பட்டா வருவாய்த்துறை பதிவு, அதுவே கிரயப் பத்திரம் மாதிரி சொத்துரிமை கொடுத்துராது. ஆனா எதை வச்சு மாத்தினாங்கன்னு பாக்கணும். அப்பா ஏற்கனவே தம்பிக்கு செட்டில்மென்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம்) எழுதி பதிஞ்சு கொடுத்திருந்தார்னா கதையே வேற. அதனால அப்பாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி ஒரு வில்லங்கம் (அந்த நிலத்து மேல பதிஞ்ச பத்திரங்களோட பட்டியல்) போட்டுப் பாருங்க, பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம், முடிஞ்சா 1975ல இருந்து கேளுங்க. அத்தை விடுதலை எழுதியிருந்தா அதுவும் அதுலயே தெரிஞ்சிரும். வில்லங்கத்துல தெரியாத ஒண்ணு இருக்கு, உயில். பதிஞ்ச உயிலா இருந்தாலும் அது தனிப் புத்தகம், எழுதினவரு உயிரோட இருக்கிற வரைக்கும் அவரைத் தவிர (இல்லன்னா அவரோட ஏஜென்ட் தவிர) யாரும் நகல் வாங்க முடியாது. அதாவது உங்க அப்பா எப்பவோ போய் எழுதி வச்சுட்டு கமுக்கமா இருக்கிறதுக்கும் வாய்ப்பு இருக்கு. இந்தக் கடலோரத்துப் பெரியவங்களை நாம கொஞ்சம் குறைச்சுத்தான் எடை போடுறோம்.

நாமினிங்கிறது பேங்க் யாருகிட்ட பணத்தைக் கொடுக்கணும்ங்கிறதுக்கு, பணம் யாருதுங்கிறதுக்கு இல்ல. அந்த மூணு லட்சம் உங்க கைக்கு வரும், வந்தா அம்மாவுக்கும் தம்பிக்கும் அதுல பங்கு உண்டு, அப்பா உயில்ல வேற மாதிரி எழுதியிருந்தா அதன்படி.

தெரியாம ரெக்கார்ட் பண்றது வேண்டவே வேண்டாம். உயிலுன்னா எழுத்துல இருக்கணும், அப்பா கையெழுத்தோ கைநாட்டோ இருக்கணும், அதுல சாட்சி ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்கணும். போன்ல பேசினது உயில் ஆகாது. இத்தனைக்கும் அவருக்கு அது தெரிய வந்துச்சுன்னா அப்புறம் நீங்க இருக்கிற இடத்துல வாயே திறக்க மாட்டாரு. அவருக்குச் சொல்லிட்டு, அவரு கதையை ரெக்கார்ட் பண்றது வேற விஷயம், அதுக்குப் பின்னாடி வர்றேன்.

"விக்கக்கூடாது"ன்னு எழுதிட்டா நிலம் தப்பிச்சிருமா?

இதுதான் நீங்க ரொம்ப நம்பிட்டு இருக்கிற விஷயம், இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமா இருக்கு. "தம்பிக்கும் எனக்கும் சமமா, ஆனா என்னைக்கும் விக்கக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது"ன்னு அப்பாவை எழுத வச்சா போதும்னு கேட்டிருக்கீங்க. ஒரு சொத்தை ஒருத்தருக்கு முழு உரிமையோட கொடுத்துட்டு, கூடவே "விக்காதே"ன்னு போடுற நிபந்தனை செல்லாது. சொத்து போய்ச் சேரும், நிபந்தனை உதிர்ந்திரும். சொத்து மாற்றுச் சட்டம் 10வது பிரிவுல இது இருக்கு, உயிலுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல இதே போக்குதான். எத்தனையோ அப்பாமார் "ஆண்டு அனுபவிச்சுக் கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை"ன்னு எழுதி கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா தூங்கியிருக்காங்க. அதுல முதல் வரியில முழு பாத்தியம் கொடுத்திருந்தா ரெண்டாவது வரி வெறும் மையிதான்.

அப்ப என்னதான் வழி? இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை உண்டு.

ஒண்ணு, ஆயுள் பாத்தியம். முதல்ல அம்மாவுக்கு அவங்க ஆயுசு வரைக்கும் அனுபவிக்கிற உரிமை மட்டும், அப்புறம் யாருக்கு முழுசாங்கிறதைப் பேரு சொல்லி எழுதுறது. அம்மா காலம் வரைக்கும் நிலம் நிக்கும், அம்மா கையும் வெறுங்கையா இருக்காது. அதுக்கு அப்புறம் முழுசா வாங்கினவங்களைக் கட்டிப் போட முடியாது. அம்மாவுக்கு எழுதும்போது வார்த்தையப் பாத்துப் போடணும், அவங்களுக்கு ஏற்கனவே இருக்கிற ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்ததுன்னு ஆகிப்போச்சுன்னா அதுவே முழு உரிமையா மாறிடும், இந்து வாரிசுரிமைச் சட்டம் 14வது பிரிவுல அடிச்சுக்கிட்டு இருக்கிற கேஸ் கொஞ்சநஞ்சம் இல்ல. இதை டைப்பிங் சென்டர்ல கொடுத்து எழுதாதீங்க.

ரெண்டு, அறக்கட்டளை. காட்டுல ஒரு பகுதியையோ முழுசையுமோ டிரஸ்ட் பத்திரம் எழுதி பதியுறது. இது நிக்கும், ஆனா யாரு நடத்துவா, கணக்கு யாரு எழுதுவா? ஆர்வத்துல ஆரம்பிச்சு அடுத்த தலைமுறையில அம்போன்னு கிடக்குற டிரஸ்ட் நம்ம ஜில்லாவுல ஊருக்கு ஒண்ணு தேறும். வருமானம் இல்லாத டிரஸ்ட் ரொம்ப நாள் ஓடாது, பதநீர் இறக்க ஆளே கிடைக்காத காலத்துல நூத்தம்பது பனை என்ன வருமானம் கொடுக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

மூணு, இப்பவே செட்டில்மென்ட். குடும்பத்துக்குள்ள எழுதினா முத்திரைக் கட்டணம் கம்மி, அதனால தம்பி பக்கம் இதைத்தான் சொல்லுவாங்க. என் அபிப்ராயம், 76 வயசுல இருக்கிற சொத்தை உயிரோட இருக்கும்போதே எழுதிக் கொடுத்துட்டு அப்பாவும் அம்மாவும் வெறுங்கையா உக்காரக்கூடாது. எழுதிப் பதிஞ்சு கொடுத்துட்டா மனசு மாறி ஒருதலையா ரத்து பண்ண முடியாது. பெத்தவங்களைப் பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதி, பாத்துக்கலன்னா 2007 பெற்றோர் மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கிட்ட போய் ரத்து கேக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்துலயே தெளிவா இல்லாம வந்து நின்ன பெரியவங்களை நான் பாத்திருக்கேன், பஸ்ஸுக்குக் காசு எண்ணிட்டு வருவாங்க, அந்த வயசுல அலையுற அலைச்சல் இருக்கே, யாருக்கும் வரக்கூடாது.

மரத்தைப் பொறுத்தவரைக்கும் ஒரு சின்ன ஆறுதல், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அரசாங்கம் அறிவிச்சிருக்கு. புரோக்கர் "ரெண்டே நாள்ல கிளியர் பண்ணிடுவோம்"னு சொன்னா தம்பியை இதைக் கேக்கச் சொல்லுங்க.

கிணறு

லெட்டர்ல நீங்க "பிடிவாதம்"னு எழுதியிருந்தீங்க, மோட்டார் போடக்கூடாதுங்கிறதை. எனக்கு அப்படிப் படல. நம்ம கடலோரத்துல மணலுக்கு அடியில நல்ல தண்ணி ஒரு மெல்லிசான படலமாத்தான் உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு நிக்கும், மழைத்தண்ணி இறங்கி இறங்கி நின்னது. குடத்துல மொண்டா அது தாங்கும். மோட்டார் போட்டு ஒரே மூச்சுல உறிஞ்சினா கீழ இருக்கிற உப்பு மேல ஏறிரும், ஏறிச்சுன்னா நம்ம ஆயுசுல இறங்குமாங்கிறது சந்தேகம்தான். தள்ளுவண்டியில ஏழெட்டுக் குடத்தை அடுக்கிக்கிட்டு தண்ணிக்கு அலையுற ஜில்லாவுல, ஒரு கிணறை உப்பாக்காம ஒருத்தரு வச்சிருந்திருக்காருன்னா அது அவரு சேத்த சொத்து, பத்திரத்துல வராத சொத்து. உங்க அப்பா விட்டுட்டுப் போக நினைக்கிறது நிலமா, இந்த அறிவான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

கிணத்தை மட்டும் தனியா காப்பாத்த முடியும். கிணறும் அதைச் சுத்தி ரெண்டு மூணு சென்ட்டும் ரோட்டுல இருந்து நடைபாதையும் அளந்து தனியா பிரிச்சு, ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதலாம். ஆனா ஊராட்சி கைக்குப் போனா முதல் வேலையா மோட்டார் போட்டு சின்டெக்ஸ் தொட்டி வச்சு அடுத்த தலைவர் பேர்ல கல்வெட்டும் வச்சிருவாங்க, அதுக்குத்தான் உங்க அப்பா பயப்படுறாரு. இல்லன்னா அந்தச் சின்னத் துண்டுக்கு மட்டும் டிரஸ்ட், ஊர்க்காரங்க ரெண்டு பேரு, குடும்பத்துல ஒருத்தரு. முழுக் காட்டுக்கும் டிரஸ்ட் போடுறதை விட இது நடக்கக்கூடிய காரியம். இதோட மீதி நிலத்தை வித்தாலும் தண்ணி எடுக்க வர்ற பொம்பளைங்களுக்குப் பாதை இருக்குன்னு பத்திரத்துல ஏறணும், கிணறு இருந்து பாதை அடைச்சா என்ன பிரயோஜனம். தம்பிகிட்ட பேரம் பேச உங்களுக்கு இருக்கிற நல்ல இடமும் இதுதான்னு நினைக்கிறேன். கடன்ல மூழ்கிட்டு இருக்கிறவருகிட்ட "ஒண்ணுமே விக்காதே"ன்னா கேக்க மாட்டாரு, "கிணத்தையும் கிழக்கால இருக்கிற மரத்தையும் விட்டுடு"ன்னா காது கொடுப்பாரு. அத்தை சம்மதமும் வேணும், அதை மறந்துராதீங்க.

தம்பியைப் பத்தியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தப்ப ராத்திரி ஒரு மணிக்கு லோடு வண்டியிலயே படுக்க வச்சு ராமநாதபுரம் கூட்டிட்டு வந்தது அவருதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அடுத்த வரியிலயே "சொத்துக்காகத்தான் கூட இருக்கான்"ன்னும் எழுதியிருக்கீங்க. ரெண்டுல எதையாவது ஒண்ணை அடிச்சிட்டுத்தான் அப்பாகிட்ட போகணும்.

பேச்சை எப்படி எடுக்குறது

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ எல்லாரும் கூடியிருக்கிறப்ப எடுக்காதீங்க. விசேஷத்துல எடுத்த பேச்சு பஞ்சாயத்தாத்தான் முடியும். ஒரு சாதாரண சனிக்கிழமை, வெயில் தாழ, அவரைக் கூட்டிட்டு காட்டுக்குப் போங்க. இல்ல, அவரு உங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி வச்சுக்கங்க. பனை ஏறினவங்க மரத்துக்கு மரம் பேரு வச்சிருப்பாங்க, கூனி, ரெட்டையன், கிணத்தடி மரம்னு. "இதுக்கு என்ன பேருப்பா"ன்னு கேளுங்க. எது நல்லா ஊறும், எதுல முதமுதல்ல ஏறினாரு, எந்த மரத்துல இருந்து விழுந்தாரு, எந்த வடலியை (இளம் பனையை) அவரே கொட்டை போட்டு முளைக்க வச்சாரு. பனை பலன் கொடுக்கவே பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகும், அப்ப நாப்பது வயசுல கொட்டை போட்டவரு யாருக்காகப் போட்டாரு? அதை வாயால நீங்க கேக்க வேண்டாம், அவரே அந்த இடத்துக்கு வந்துருவாரு. இதைத்தான் ரெக்கார்ட் பண்ணச் சொன்னேன், போனை மடியில ஒளிச்சு வச்சு இல்ல, "அப்பா, நீங்க சொல்றதைப் பிள்ளைங்க கேக்கட்டும், பதிஞ்சுக்கட்டா"ன்னு கேட்டுட்டு.

முதல் நாள் உயில்ங்கிற வார்த்தையே வேண்டாம். ரெண்டாவது மூணாவது தடவை போகும்போது, "நீங்க சொன்ன மாதிரி கெணறு அப்படியே நிக்கணும்னா என்னப்பா செய்யணும், எனக்கும் தம்பிக்கும் சொல்லித் தாங்க"ன்னு கேக்கலாம். கேள்வியில தம்பி பேரும் இருக்கட்டும். பொங்கல் அன்னைக்கு நடந்ததுக்கு ஒரு வார்த்தை, "அன்னைக்கு நான் கேட்ட விதம் சரியில்லப்பா"ன்னு, அவ்வளவுதான், அதுக்கு மேல அழுதுட்டு நிக்க வேண்டாம், இந்த மாதிரி அப்பாங்களுக்கு அது தாங்காது. "என்னைய அனுப்பி வைக்கப் பாக்குறியா"ன்னு அவரு கேட்டா சிரிச்சுட்டு விட்டுருங்க, ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

அம்மாகிட்ட தனியா கேளுங்க. மரத்துல ஏறினது அப்பா, சரி. இறக்கின பதநீரை மத்தியானம் வரைக்கும் ஓலைப் புகையில நின்னு காய்ச்சி கருப்பட்டியா ஊத்தினது யாரு? முப்பது நாப்பது வருசம் கண்ணு எரிய நின்னவங்களுக்கு அந்தக் காட்டைப் பத்தி ஒரு அபிப்ராயம் இருக்காதா? "எனக்கு என்ன தெரியும், அவரைக் கேளு"ன்னுதான் முதல்ல சொல்லுவாங்க. அடுப்படியில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே மறுபடி கேளுங்க. வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்னு அவங்க சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன், அதையும் கேட்டுக்கணும்.

சொத்தைத் தவிர வேற என்னவெல்லாம் அவரு தலைக்குள்ள மட்டும் இருக்குன்னும் கேட்டு வைங்க. எங்க மாமனார் தவறினப்ப பத்திரம் எல்லாம் சுத்தமா இருந்துச்சு, வக்கீல் வீடாச்சே, ஆனா அவரு சட்டைப்பையில இருந்த சின்ன நோட்டுல "சுருட்டு 300", "மேலக்கரை 1,200", "கோழி வீடு 500"ன்னு ஒரு பக்கம் முழுக்க இருந்துச்சு. அது அவரு கொடுக்க வேண்டியதா, அவருக்கு வர வேண்டியதா, யாரு சுருட்டு, எது கோழி வீடு, இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் உயில் எழுதிக் கொடுத்துட்டு பக்கத்து ரூம்ல இருந்த மனுசன்கிட்ட நான் ஒரு நாள் உக்காந்து கேக்கல.

அவரு சரின்னு சொன்னா

உயிலை வெள்ளைப் பேப்பர்லயே எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்ல, பதியணும்னு கட்டாயமும் இல்ல. ஆனா இந்த வயசுல, இந்தச் சூழ்நிலையில பதிஞ்சுடுறது நல்லது. நடக்க முடியலன்னா சார்பதிவாளரை வீட்டுக்கே வரச் சொல்லி மனு கொடுக்கலாம். நம்ம ஜில்லா சொத்துக்கு இந்துக்கள் எழுதுற உயிலுக்கு கோர்ட்ல புரொபேட் (உயில் உண்மைன்னு கோர்ட் கொடுக்கிற சான்று) வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல. சாட்சி ரெண்டு பேரும் அப்பாவோட சோட்டு ஆளுங்களா இருக்க வேண்டாம், பின்னாடி கோர்ட்டுல நிரூபிக்கிறப்ப சாட்சி ஒருத்தராவது வந்து சொல்லணும், அப்ப அவரும் இல்லன்னா திண்டாட்டம். நாப்பது அம்பது வயசுக்காரங்களா, சொத்துல எந்தப் பங்கும் வராதவங்களா பாருங்க. டாக்டர் சர்ட்டிபிகேட் கட்டாயம் இல்ல, இருந்தா பலம். ஒரே கதைய திரும்பத் திரும்பச் சொல்றாருன்னு கவலைப்பட்டு எழுதியிருந்தீங்க, அது வயசானவங்க எல்லாரும் செய்யுறது, ஆனா ஆளு அடையாளம், நாள் கிழமை தடுமாறுதுன்னா முதல்ல டாக்டர், அப்புறம்தான் பத்திரம். எழுதின பிறகு மனசு மாறினா எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும், இதை அவருக்குச் சொல்லுங்க, பாதி பயம் போயிரும்.

முக்கியமா, நீங்க கூட்டிட்டுப் போய், நீங்க வக்கீல் வச்சு, நீங்க பக்கத்துல உக்காந்து எழுதின உயில்ல உங்களுக்குப் பெரும்பங்கு வந்திருந்தா கோர்ட்டே அதைச் சந்தேகமாத்தான் பாக்கும். தம்பி கூட்டிட்டுப் போனாலும் அதேதான். அதனால "மேடம் நீங்களே எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டிருந்தீங்கல்ல, நான் எழுத மாட்டேன். உங்ககிட்ட இவ்வளவு பேசின பிறகு நான் உங்க ஆளு, அவருக்கு அவரு ஆளு வேணும். அவரே தேர்ந்தெடுக்கட்டும். செலவு யோசனைன்னா கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேட்டா வழி சொல்லுவாங்க, 15100ங்கிற நம்பர்லயும் பேசலாம்.

உங்க பங்கைப் பத்தி மட்டும் பேசணும்னா எப்ப வேணும்னாலும் வாங்க. 1958 கிரயப் பத்திரத்தோட நகல், வில்லங்கம், பட்டா சிட்டா, பாட்டனோட இறப்புச் சான்று, பாட்டியோட இறப்புச் சான்று எடுத்துட்டு வாங்க. வர்றதுக்கு முன்னாடி தூத்துக்குடிக்கு ஒரு போன் போட்டு அத்தை எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டு வாங்க, நிலத்தைப் பத்திப் பேசாம.